நல்ல தண்ணீர்ப் பள்ளத்தில் நான் இறக்கிய இன்ஜின்

வேளாண்மைத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இரண்டு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். இரண்டு வார்த்தையில் எதையும் முடித்த பழக்கம் எனக்கில்லை. என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம், எத்தனை படி விதை என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்லப் போவது, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமே இருபத்திரண்டு வீட்டுக் குடிதண்ணீரில் கைவைக்கப் போன கதை.

அறுபதுகளின் கடைசி அது. இன்று புகைபோக்கிகள் வரிசை கட்டி நிற்கும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் அன்று கண்ணுக்கெட்டிய வரை வேர்க்கடலைக் கொல்லை. எனக்குக் கொடுத்த பகுதி அதற்கும் கிழக்கே. பொன்னேரியில் பஸ் பிடித்துப் பழவேற்காடு போய், ஏரியில் ஒன்றரை மணி நேரம் படகில் போனால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. அதில் எங்கோ ஒரு மூலையில் நடுமேடு என்று ஓர் ஊர். அடுத்த ஊருக்குப் போக மணலில் ஆறு மைல் நடக்க வேண்டும். வழியில் பனை, தாழை, சவுக்கு, காலைக் குத்தும் இராவணன் மீசைப் புல். மார்கழியில் போனால் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நிற்கும். மனிதர்களைத்தான் தேட வேண்டும்.

அந்த ஊர்க்காரர்கள் ஏரியில் இறால் பிடிப்பார்கள். ஐப்பசி மழையை நம்பி வருஷத்துக்கு ஒரே ஒரு போகம் நெல்லும் போடுவார்கள். மழைக்கு முன்னால் புரட்டாசியில் நாற்று விட வேண்டும். அந்த நாற்றங்காலுக்குத் தண்ணீர் மணலில் தோண்டிய ஊற்றுப் பள்ளங்களிலிருந்து வந்தது. மொத்தம் ஆறு பள்ளம். ஏழாவது ஒன்று மேட்டில், தாழம்புதருக்குப் பக்கத்தில் இருந்தது. அது குடிக்க மட்டும்.

முதல்முறை நான் போனபோது ஆறு பள்ளங்களையும் சுற்றிப் பார்த்தேன். மூன்றில் ஆட்கள் குடம் குடமாக மொண்டுகொண்டிருந்தார்கள். மற்ற மூன்றில் தண்ணீர் இருந்தும் ஒருவரும் இல்லை. எனக்குத் துணையாக வந்தவர் ஏழுமலை. இறால் பிடிப்பவர், அரைக் காணிக்குச் சற்று அதிகமாக நிலம் உண்டு, எதற்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர்.

"இதுல ஏன் யாரும் மொள்ளல?" என்றேன்.

"அது தூங்குது சார். நாளைக்கு எழுப்பிக்கலாம்."

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்று மாலையே படகில் உட்கார்ந்து, 'இக்கிராமத்தில் உள்ள நீராதாரங்களில் சரிபாதி பயன்படுத்தப்படாமல் வீணாகிறது' என்று அறிக்கை எழுதிவிட்டேன். நல்ல கையெழுத்து எனக்கு. அறிக்கை மேலே போனது, மேலே இருந்தவர்களுக்குப் பிடித்துப் போனது. ஆயில் இன்ஜின் ஒன்று அனுப்புகிறோம், செயல்விளக்கக் கூட்டம் நடத்து, பெரிய அதிகாரி மெட்ராஸிலிருந்து நேரில் வருவார் என்று உத்தரவு வந்தது. அப்போது நான் புரொபேஷனில் இருந்தேன். கூட்டம் நன்றாக நடந்தால் வேலை உறுதி. இதை நினைத்து நினைத்து இரண்டு வாரம் காற்றில் நடந்தேன்.

இன்ஜினை ஏரியில் கொண்டு போனதே ஒரு திருவிழா. இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி, நடுவில் பலகை போட்டு, அதன் மேல் இன்ஜினை உட்கார வைத்தோம். கூடவே அதை மாட்டி ஓட்டப் பெரம்பூரிலிருந்து ஒரு பிட்டர் வந்தார். தண்ணீரைக் கண்டால் பயம் அவருக்கு. வழி முழுக்க இன்ஜினைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார். படகு கவிழ்ந்தால் முதலில் மூழ்குவது அதுதான் என்று படகோட்டி சொன்ன பிறகும் விடவில்லை.

ஏழுமலையின் நாற்றங்காலுக்குப் பக்கத்துப் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தேன். அது இடுப்பளவு ஆழம்தான். இன்ஜினுக்கு அது போதாது. ஆள் வைத்து இன்னும் ஓர் ஆள் உயரம் தோண்டச் சொன்னேன்.

"இடுப்புக்குக் கீழ தோண்ட மாட்டோம் சார்," என்றார் ஏழுமலை.

"ஏன்?"

"தோண்ட மாட்டோம், அவ்ளோதான். ஆனா சார் சொன்னா சரி."

இந்த 'சார் சொன்னா சரி' இருக்கிறதே, அதைக் கேட்டால் நீங்கள் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். எழுந்து போகக் கூடாது. அதற்குள் ஒரு மறுப்பு இருக்கும். எனக்கு அன்று அது தெரியவில்லை. தோண்டினோம். இன்ஜின் ஓடியது. குழாயிலிருந்து தண்ணீர் கையளவு பருமனில் கொட்டியது. ஊரே வேடிக்கை பார்த்தது. நான்கு நாள் காலையும் மாலையும் ஓட்டி நாற்றங்காலை நிரப்பினேன். அந்த நான்கு நாளும் என்னைப் பிடிக்க ஆளில்லை.

ஐந்தாம் நாள் பிற்பகல் ஏழுமலையின் மனைவி கன்னியம்மா ஊர் திரும்பினார். தங்கையின் பிரசவத்துக்காகப் பொன்னேரிப் பக்கம் போயிருந்தவர். முப்பது வயது இருக்கும். படகிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. கையில் மூட்டையோடு நேராக நாற்றங்காலுக்கு வந்தார். குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கி நுனியைப் பார்த்தார். மஞ்சளாக இருந்தது. எனக்கும் அது காலையிலேயே தெரிந்திருந்தது. தழைச்சத்துக் குறைவு என்று டைரியில் எழுதி வைத்திருந்தேன்.

கன்னியம்மா வீட்டுக்குப் போனார். இரண்டு டம்ளரோடு வந்தார். ஒன்றில் இன்ஜின் போட்ட பள்ளத்துத் தண்ணீர். மற்றதில் பக்கத்துப் பள்ளத்துத் தண்ணீர்.

"குடி சார்," என்றார்.

முதலாவதை வாயில் வைத்தேன். உப்பு. சாப்பாட்டில் உப்புக் கூடினால் வருகிற மாதிரி அல்ல, ஏரித் தண்ணீரே வாய்க்குள் போன மாதிரி. இரண்டாவது இளநீர் போல இருந்தது.

"நாலு நாளா இத்தத்தான் எங்க நாத்துக்கு ஊத்தினு கீற," என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "நீ இன்னாய்யா பண்ணினு இருந்த? ஒனக்குத் தெர்ல?"

ஏழுமலை மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு நாளாவே கரிக்குது. சார் பாவம், ஆசையா ஓட்டினு இருக்காரு. மனசு கஷ்டப்படுவாருன்னு சொல்லல."

நான்கு நாள் அந்தத் தண்ணீரை நிலத்துக்கு விட்டிருக்கிறேன், ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. கன்னியம்மாதான் விஷயத்தைச் சொன்னார். அந்தத் திட்டில் மண்ணுக்கு அடியில் எங்கு தோண்டினாலும் கடல்தான். பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே பால் மேல் ஏடு போல நிற்கிறது. ஏட்டை மட்டும் வழிக்க வேண்டும். ஆழமாகத் தோண்டினாலோ, ஒரே நாளில் நிறைய இழுத்தாலோ, அடியில் இருப்பது மேலே வந்துவிடும். அதனால்தான் இடுப்பளவு. அதனால்தான் இன்று மொண்ட பள்ளத்தை நாளைக்கு விட்டுவிடுவது.

"அந்த நாத்து போச்சுன்னா இந்த வருஷம் எங்களுக்கு நெல்லு இல்ல சார்," என்று முடித்தார். கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

கூட்டத்துக்கு இன்னும் இரண்டே நாள்.

பிட்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், பேஜாராவாதீங்க. மேட்டுல குடிக்கிற தண்ணி பள்ளம் ஒண்ணு கீதே, கூட்டத்தன்னிக்கு ஓஸ் குழாயத் தூக்கி அதுல போட்ருவோம். பத்தே நிமிசம் ஓட்டுவோம். பெரியவரு பாப்பாரு, கை தட்டுவாங்க, நாஷ்டா சாப்ட்டுப் பூடுவாங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். நான் சரி என்றேன். புரொபேஷன், ஊரில் அப்பா, எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்த பெருமை, எல்லாம் சேர்ந்து சரி என்று சொல்ல வைத்தன. ஏழுமலையிடமும் கேட்டேன். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

ஓஸின் நீளம் போதுமா என்று பார்க்க மேட்டுக்கு ஏறினேன். பள்ளத்தைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் குடத்தைத் தண்ணீரில் முக்கவில்லை. ஒருத்தி கொட்டாங்குச்சியால் மேலாக வழித்துக் குடத்தில் ஊற்றுவாள். தண்ணீர் குறைந்ததும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். ஊறியதும் மறுபடி வழிப்பாள். ஒரு குடம் நிரம்ப ஒரு கதை பேசி முடிக்கிற நேரம் ஆனது. குடம் நிரம்பியதும் எழுந்து போக, அடுத்தவள் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவசரப்பட்டவர் யாருமில்லை. நான் நின்று மூன்று குடம் நிரம்பும் வரை பார்த்தேன். இருபத்திரண்டு வீடும் இந்தக் கொட்டாங்குச்சியால்தான் குடிக்கிறது. என் இன்ஜின் பத்து நிமிஷத்தில் இதை வற்ற வைத்துவிடும். பிறகு உப்புதான். மழை வருகிற வரை ஒவ்வொரு குடத்துக்கும் பழவேற்காட்டுக்குப் படகில்தான் போக வேண்டும்.

ஓஸை அளக்காமல் இறங்கி வந்தேன். பொன்னேரியில் இருந்த என் மேலதிகாரிக்கு ஒரு சீட்டு எழுதிப் படகோட்டியிடம் கொடுத்தேன். 'பள்ளத்தை ஆழப்படுத்தியதால் தண்ணீர் உப்பாகிவிட்டது. தவறு என்னுடையது. இன்ஜினை ஓட்ட முடியாது. கூட்டத்தை நிறுத்திவிடலாமா?' அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். விளம்பரம் அவருக்குப் பிடிக்காது. சட்டைப் பையில் எப்போதும் அவித்த வேர்க்கடலை வைத்திருப்பார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மறுநாள் பதில் வந்தது. 'கூட்டம் நடக்கட்டும். இன்ஜினைத் துடைத்து வை. பொய் மட்டும் வேண்டாம்.'

இதற்கிடையில் நாற்றைக் காப்பாற்ற வேண்டும். நல்ல தண்ணீர் விட்டு நாற்றங்காலிலிருந்து உப்பை அலசி வெளியேற்றுவதுதான் வழி. தூங்கும் பள்ளங்களில் எடுக்கலாமா என்று கேட்டேன். கன்னியம்மா முறைத்தார். மேட்டின் சரிவில் புதிதாக முழங்கால் ஆழத்துக்கு அகலமாக ஐந்து பள்ளம் பறிக்கச் சொன்னார். பறித்தோம். ஊறியதை வழித்து வழித்துக் குடத்தில் சுமந்தோம். நானும் பிட்டரும், ஏழுமலையும் கன்னியம்மாவும், கேட்காமலே வந்த நான்கைந்து பக்கத்து வீட்டுக்காரர்களும். என் தோள் தோல் உரிந்தது. பெரம்பூர்க்காரர் எல்லோரையும் விட அதிகம் சுமந்தார்.

"இன்ஜின் இழுக்க வேண்டிய தண்ணிய நான் இழுத்துக்கினு கீறேன் சார்," என்றார் மூச்சு வாங்க. "ஒர்க்ஷாப்புல சொன்னா சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். அந்தக் குடத்த சிந்தாம கொண்டா," என்றார் கன்னியம்மா.

நடுவில், நான் தோண்ட வைத்த பள்ளத்தை மணல் போட்டு மூடும் வேலையும் எனக்கே வந்தது. அதற்கு யாரும் உதவிக்கு வரவில்லை. நியாயம்தானே.

கூட்டத்தன்று ஐந்து படகில் ஆட்கள் வந்தார்கள். கவரைப்பேட்டை, மாதர்பாக்கம் பக்கத்து விவசாயிகள் நாற்பது பேர் இருக்கும். பெரிய அதிகாரி வெள்ளைக் கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு இறங்கினார். கடைசிப் படகில் என் மேலதிகாரி கடலை உரித்துக்கொண்டே வந்து, கூட்டத்துக்குப் பின்னால் பனைமரத்தடியில் நின்றார். துடைத்துப் பளபளவென்று இருந்த இன்ஜினுக்கு யாரோ செம்பருத்தி மாலை கூடப் போட்டிருந்தார்கள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார் பெரியவர்.

நான் இரண்டு டம்ளரை நீட்டினேன். ஒன்றில், ஆழப்படுத்திய பள்ளத்தை மூடுவதற்கு முன் மொண்டு வைத்த தண்ணீர்; மற்றதில் நல்ல தண்ணீர்.

"என்னய்யா இது?"

"தண்ணீர் சார். குடித்துப் பாருங்கள். இன்றைய செயல்விளக்கம் இதுதான்."

குடித்தார். முகம் போன போக்கைப் பார்த்து முன்வரிசையில் ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். பெரியவர் துப்பிவிட்டு, "யார் செய்த வேலை இது?" என்றார்.

"நான்தான் சார்." பிறகு அறிக்கையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பிட்டரின் யோசனைக்குச் சரி சொன்னதை மட்டும் என் யோசனை என்று மாற்றிக்கொண்டேன். அந்த ஒரு பொய்யை மேலதிகாரி மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மாதர்பாக்கத்துக்காரர் ஒருவர், "பஸ்ஸு மாறி படகு ஏறி வந்து உப்புத் தண்ணி குடிக்கணும்னு தலையில எழுதியிருக்குது நைனா," என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தார், படகுகளைப் பார்த்தார், கடைசியில் பள்ளங்களைப் பார்த்தார். "சரி, இவர்கள் எப்படித்தான் எடுக்கிறார்கள்? அதையாவது காட்டுங்கள்," என்றார்.

கன்னியம்மா காட்டினார். எந்தப் பள்ளம் இன்று, எது நாளைக்கு, எவ்வளவு வழிக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும், நாக்கில் என்ன தெரிந்தால் அன்றைக்கு அதோடு விட வேண்டும். ஒரு மணி நேரம் விவசாயிகள் அவரைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டார்கள். தங்கள் ஊர்க் கிணறுகளில் கோடையில் வரும் உப்புக்கு என்ன செய்யலாம் என்று கூட ஒருவர் கேட்டார். "ஒங்க ஊர நான் பாக்கலயே அண்ணே. பாக்காம எப்டி சொல்றது?" என்றார் கன்னியம்மா. அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு நன்றாக வலித்தது. பிறகு இறால் வறுவலும் சோறும் வந்தன. பெரியவர் இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

திரும்பும் படகில் மேலதிகாரி ஒரு கைப்பிடி கடலை கொடுத்தார். அப்போதுதான் முதல்முறையாகப் பேசினார்.

"அறிக்கை எழுதறதுக்கு முன்னால அந்தப் பள்ளங்களை எத்தனை நாள் பார்த்தே?"

"ஒரு நாள் சார்."

"மறுநாளும் போயிருந்தா போதுமே."

அவ்வளவுதான். முதல் நாள் ஆளில்லாத மூன்று பள்ளத்தில் மறுநாள் ஆள் இருந்திருக்கும். முதல் நாள் ஆள் இருந்ததில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு குழந்தைக்கும் புரிந்திருக்கும். இதற்குத் தனியாகப் படிப்பு வேண்டாம், இன்னொரு முறை படகு ஏறும் சோம்பல் இல்லாமல் இருந்தால் போதும். இன்றைக்கு நீங்கள் ஜீப்பில் போகிறீர்கள். ஒரே நாளில் நான்கு ஊர் பார்த்துவிடலாம் என்று தோன்றும். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் அதே நான்கு ஊருக்கும் போங்கள்.

என் புரொபேஷனை ஆறு மாதம் நீட்டினார்கள். அப்பா பத்து நாள் என்னோடு பேசவில்லை. இன்ஜினைக் கவரைப்பேட்டைப் பக்கம் நல்ல கிணறு இருந்த ஒருவருக்குக் கொடுத்தோம், அங்கே பல வருஷம் ஓடியது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நாற்றில் மூன்றில் இரண்டு பங்கு பிழைத்தது. குறைந்ததை அக்கம்பக்கத்தார் தங்கள் நாற்றங்காலிலிருந்து பிடுங்கிக் கொடுத்தார்கள். ஐப்பசி முதல் வாரமே மழை பிடித்துக்கொண்டதால் நடவு தப்பியது. அந்த மழையன்று பொன்னேரி ஆபீஸ் வாசலில் நின்று நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பியூன் பார்த்துவிட்டுப் பத்து பேரிடம் சொன்னார்.

மறு வருஷம் ஆவணியில் புது ரக நெல் விதை வந்தது. கொஞ்சம் உப்பைத் தாங்கும் என்றார்கள். நடுமேட்டுக்கு இதைக் கொண்டு போ என்று உத்தரவு. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினேன், நடக்கவில்லை. மூட்டையோடு படகிலிருந்து இறங்கியபோது கரையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். யாரும் மூட்டையைத் தொடவில்லை. கன்னியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், வெத நல்லாருக்குமா?"

"தெரியாது. இந்த மண்ணில் போட்டுப் பார்த்ததில்லை. வேறு ஊரில் விளைந்திருக்கிறது," என்றேன்.

அவர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "வாங்கலாம். இந்த ஆளு தப்பு பண்ணா தப்புன்னு சொல்ற ஆளு." என்னிடம் திரும்பி முந்தானையை விரித்தார். "எனக்குப் பாதி நெலத்துக்குக் குடு சார்."

"பாதிக்கா? வாங்கலாம் என்று இப்போதுதானே சொன்னீர்கள்? நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்க இல்லாமயா பாதி குடுக்கறேன்? அதுக்குன்னு முழுசும் வுட முடியுமா? மீதில எங்க நெல்லுதான்."

முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள், பாராட்டுப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள், அவை எங்கே இருக்கின்றன என்று தேடினால்தான் தெரியும். அந்தப் பாதி நிலத்தை மட்டும் நான் மறக்கவில்லை. ஓர் ஊரின் தண்ணீரைக் கெடுக்கப் பார்த்தவனுக்கு ஒரு வருஷத்தில் கிடைத்தது அது. விளைந்ததா என்று கேட்பீர்கள். விளைந்தது, அவருடைய நெல்லை விட நான்கு மரக்கால் கூடவே கண்டது. அடுத்த வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மூட்டையோடு போய் இறங்கினேன்.

கன்னியம்மா அந்த வருஷமும் பாதி நிலத்துக்குத்தான் வாங்கினார்.